அண்ணன் பட்டத்துக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு

மார்ச் 2, திங்கள்

எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஐம்பத்து மூன்று வயது ஆண்பிள்ளை, நேற்று லேப்டாப்பில் கார் ரேஸ் விளையாடித் தோற்றுவிட்டுக் குளியலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு, ஐந்து நிமிடம் கண் கலங்கி நின்றேன். வாளி நிரம்பி வழிந்தது. வெளியே வந்ததும் மனைவி, “வயிறு சரியில்லையா?” என்றாள். “ஆமா” என்றேன். தண்டனையாக இன்று மூன்று வேளையும் வெறும் ரொட்டி.

தோற்றது யாரிடம் என்பதுதான் விஷயம். சகலையிடம்.

சகலை பல் டாக்டர். வயதில் நான் ஏழு மாதம் மூத்தவன். ஆனால் அவன் கட்டியிருப்பது என் மனைவியின் அக்காவை. இப்போது யார் யாரை ‘அண்ணே’ என்று கூப்பிடுவது? வயதுப்படி அவன் என்னை. உறவுப்படி நான் அவனை. இருபத்து நான்கு வருடமாக இந்த வழக்கு தீரவில்லை. அதனால் நாங்கள் ஒருவரை ஒருவர் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. கனைப்போம். தூரத்தில் போனால் கை தட்டுவோம். ஒருமுறை ரயில் நிலையக் கூட்டத்தில் அவனை நிறுத்த என் செருப்பை எறிந்தேன். (‘அவன்’ என்பதெல்லாம் இந்த நோட்டில் மட்டும். வெளியே ‘அவர்’தான்.)

போன வாரம் மாமனார் வீட்டில் எல்லோர் முன்னாலும் அவனே ஆரம்பித்தான். “எதுக்கு வம்பு? ரேஸ் விட்டுப் பாத்துருவோம். மூணு ஓட்டம். ஜெயிச்சவர் அண்ணன். ஆயுசுக்கும்.” மாமனார் டிவியை அணைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார். அவர் டிவியை அணைத்து நான் பார்த்ததே இல்லை. 22-ஆம் தேதி, ஞாயிறு, அவர் வீட்டு ஹாலில், அவரவர் லேப்டாப்போடு.

நேற்று வீட்டிலிருந்தபடியே அவனோடு ஒரு வெள்ளோட்டம். அதில்தான் வாளி நிரம்பியது.

மார்ச் 3, செவ்வாய்

தப்பு என்மேல் இல்லை. நான் காப்பீட்டு அலுவலகத்தில் புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறவன்; தப்பு யார்மேல் இல்லை என்பதை இருபது வருடமாக எழுதிச் சம்பளம் வாங்குகிறேன். தப்பு லேப்டாப்மேல். மகள் கல்லூரியில் விளையாட வாங்கி, வேலை கிடைத்ததும் எனக்கு விட்டுப் போனது. தடிமனும் எடையும் பார்த்து ‘யானை’ என்று பெயர் வைத்திருக்கிறோம். அதில் ரோடு கஞ்சி மாதிரி குழைகிறது. எதிரே இருப்பது மரமா லாரியா என்று இடித்த பிறகுதான் தெரிகிறது.

மகளுக்குப் போன் போட்டேன். “படத்தைத் திரையில காட்டுற கிராபிக்ஸ் கார்டு பழசுப்பா. அந்த மாடல்ல கார்டைக் கழட்டி வேற போடலாம்னு சொல்வாங்க. ஆனா நீங்க கை வைக்காதீங்க, ப்ளீஸ்.”

முதல் பாதி மட்டும் காதில் விழுந்தது.

மார்ச் 4, புதன்

அலுவலகத்துக்கு எதிர்ச் சந்தில் லேப்டாப் ரிப்பேர் கடை. நடத்துவது ஒரு பெண்மணி. நெற்றியில் ஒரு விளக்கை மாட்டிக்கொண்டே பேசுகிறார். பதில் சொல்லும்போது நாம் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கிறது. யானையின் அடிவயிற்றைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இந்த மாடலுக்கு ஒரு கார்டு இருக்கு, ஒரு கை மாறினது. நானே போட்டுத் தரேன் சார், ரெண்டு நாள் விட்டுட்டுப் போங்க” என்றார்.

ரெண்டு நாளா? பயிற்சி என்னாவது? நானே போட்டுக்கொள்கிறேன் என்றேன்.

அந்த விளக்கு என்னை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தது. “சரி. போட்டுட்டு ஒரு தடவ இங்க கொண்டு வாங்க. கார்டு உள்ள உக்காந்துட்டா மட்டும் போதாது, மெஷின் அதை ஏத்துக்கணும். ஏத்துக்கலைன்னா சொல்லாது, பேசாம இருந்துரும்.”

எங்கள் குடும்பத்தில் எல்லா மாப்பிள்ளைகளுக்கும் நடந்தது அதுதான் என்றேன். சிரிக்கவில்லை.

மார்ச் 7, சனி

யானையைப் பிரித்தேன். பதினேழு ஸ்க்ரூ. எது எங்கிருந்து வந்தது என்று மறக்காமலிருக்க ஒரு அபாரமான யோசனை: என் மாத்திரை டப்பா. ஞாயிறு முதல் சனி வரை ஏழு அறை. முதலில் கழற்றியவை ஞாயிறில், அடுத்தவை திங்களில், இப்படியே. மாத்திரைகளை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். உள்ளே விசிறி, செப்புக் குழாய், அதற்கடியில் உள்ளங்கை அளவுக்கு அந்தப் பழைய கார்டு. என் அவமானத்துக்கெல்லாம் காரணமானது, பார்க்க இவ்வளவு சாதுவாக!

கை கழுவ எழுந்து போனேன். சனிக்கிழமைதோறும் மனைவி அந்த டப்பாவை நிரப்புவாள் என்பதை மறந்துபோனேன்.

“என்னங்க, வியாழக்கிழமைக்கு நாலு ஆணி போட்டு வச்சிருக்கீங்க?”

ஓடி வருவதற்குள் மொத்தத்தையும் ஒரே கிண்ணத்தில் கொட்டிவிட்டாள். ஞாயிறிலிருந்து சனி வரைக்கும் இரத்த அழுத்த மாத்திரை அழகாக அடுக்கியாகிவிட்டது.

“ஐயோ, அது வரிசைப்படி வச்சிருந்தேன்!”

“ஸ்க்ரூதானே. பெருசு, நடுத்தரம், பொடிசு. பிரிச்சா போச்சு.”

எனக்குப் பதினேழும் ஒரே அளவாகத் தெரிந்தது. அதைச் சொன்னேன். அவள் ஒரு ஸ்க்ரூவை என் மூக்குக்கு நேரே நீட்டி, “இது?” என்றாள். “நடுத்தரம்.” “இது என் மூக்குத்தித் திருகுங்க.”

மார்ச் 9, திங்கள்

கையைப் பிடித்துக் கண்ணாடிக் கடைக்கு இழுத்துப் போனாள். கடைசியாகக் கண் பார்த்து ஏழு வருடமாம். அங்கிருந்தவர் என் பழைய கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து, “இதைப் போட்டுட்டா வண்டி ஓட்டுறீங்க?” என்றார். “ரேஸ் வண்டி” என்றேன். அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி கூரையைப் பார்த்தாள்.

வேலை நேரத்தில் எவ்வளவு தேவையில்லாத அலைச்சல்! யானை வயிறு திறந்தபடி மேசையில் கிடக்கிறது. இன்னும் பதின்மூன்று நாள்.

மார்ச் 13, வெள்ளி

கண்ணாடி வந்தது. அலுவலகத்தில் எல்லோருக்கும் வயதாகிவிட்டதை இன்றுதான் கவனித்தேன்.

மார்ச் 14, சனி

பொருத்திவிட்டேன்! கார்டு சூடாகாமலிருக்க அதன்மேல் தடவும் வெள்ளைப் பசை பட்டாணி அளவு போதுமாம். நான் வைத்தது முழு நெல்லிக்காய். பிதுங்கியதைத் துடைத்தேன். எல்லாம் முடிந்து ஒரு ஸ்க்ரூ மிச்சம். மூக்குத்தித் திருகா என்று கேட்டேன், இல்லையாம். சரி, ஒன்று இல்லாவிட்டால் யானை விழுந்துவிடாது.

பொத்தானை அழுத்தினேன். திரை ஒருமுறை கறுத்து, இருமுறை சிமிட்டி, எழுந்து நின்றது. நாற்காலியைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓடினேன்.

கேமைத் திறந்தால்... அடடா! ரோட்டோரப் பலகையில் எழுத்து தெரிகிறது. வளைவு வருவது முன்னாலேயே தெரிகிறது. மரம் மரமாக இருக்கிறது. இத்தனை நாள் இந்த உலகம் எங்கே இருந்தது? இன்னொரு ஆச்சரியம்: பழைய கார்டு இருந்தபோது விசிறி பிரஷர் குக்கர் மாதிரி இரையும், அடியில் தொட்டால் சுடும். இப்போது சத்தமே இல்லை. சூடும் இல்லை. தரமான சாமான் என்றால் இப்படித்தான்.

கடைக்குக் கொண்டுபோய்க் காட்டவா? எதற்கு? நன்றாக ஓடுகிற வண்டியை மெக்கானிக்கிடம் விடுவார்களா?

மார்ச் 18, புதன்

தினமும் ஒரு மணி நேரம். நேற்று எதிலும் இடிக்கவில்லை. மனைவி வந்து எட்டிப் பார்த்து, “பரவாயில்லையே” என்றாள். இந்த வீட்டில் இதற்கு மேல் பாராட்டு கிடையாது.

மார்ச் 22, ஞாயிறு

மாமனார் வீட்டு ஹால். இரண்டு மேசை, இரண்டு லேப்டாப், எல்லா நாற்காலியும் நிரம்பியிருந்தது. மாமனார் “ஒண்ணு, ரெண்டு” என்று சொல்லிவிட்டு, மூன்று சொல்லும் முன் தும்மிவிட்டார். சகலை அதையே கொடியசைப்பாக எடுத்துக்கொண்டு பாய்ந்துவிட்டான். முதல் ஓட்டம் அவனுக்கு.

“பதட்டப்படாதீங்க, வாயைத் திறந்து மூச்சு விடுங்க” என்றான். நோயாளிகளிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய குரல்.

இரண்டாவது எனக்கு. மனைவியின் அக்கா என் பின்னால் வந்து திரையைக் குனிந்து பார்த்து, “என்ன இது, எல்லாம் கட்டம் கட்டமா இருக்கு?” என்றார். “கிட்டத்துல நின்னா அப்படித்தாங்க தெரியும்” என்று அனுப்பிவைத்தேன்.

மூன்றாவது. கடைசி வளைவில் அவன் முன்னால். என் உள்ளங்கை வேர்த்து, விசைப்பலகை வழுக்குகிறது. ஓரத்தில் ‘குறுகிய வளைவு’ என்று பலகை. அவன் அதைக் கவனிக்கவில்லை. நேரே போய் வைக்கோல் கட்டுகளுக்குள் புகுந்தான். நான் தாண்டினேன்!

யாரும் கை தட்டவில்லை. எல்லோரும் அவனையே பார்த்தார்கள். மாமனார் மெதுவாகக் கேட்டார்: “அப்புறம், மாப்ள?”

அவன் தண்ணீர் குடித்தான். கனைத்தான். பழக்கம் போகுமா? பிறகு என்னைப் பார்த்து, சின்னக் குரலில், “நல்லா ஓட்டினீங்கண்ணே” என்றான்.

இருபத்து நான்கு வருடம். துள்ளிக் குதிப்பேன் என்று நினைத்திருந்தேன். ஆனால் எழுந்துபோய் அவன் டம்ளரில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினேன். அவன் முகத்தில் ஏதோ சுமையை இறக்கிவைத்த மாதிரி இருந்தது. அதன் பிறகு சாப்பிடும்போது தேவையே இல்லாமல் நாலு தடவை கூப்பிட்டான். “அண்ணே, உப்பு.” “அண்ணே, அந்த டம்ளர்.”

மார்ச் 24, செவ்வாய்

சகலை போன். “அண்ணே, கொஞ்ச நாளா எனக்கும் ரோடு மங்கலாத்தான் தெரியுது. அந்தப் பலகையைப் பாக்கவே இல்ல. உங்க கார்டு எங்க வாங்கினீங்க?” விசாரித்துச் சொல்வதாகச் சொன்னேன். அண்ணன் என்றால் கொஞ்சம் காக்கவைக்க வேண்டாமா?

மார்ச் 28, சனி

நன்றி சொல்லலாம் என்று யானையைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போனேன். வெற்றிக் கதையைச் சொன்னேன். சத்தமில்லை, சூடில்லை என்றேன். அந்த அம்மா நெற்றி விளக்கை ஏற்றி, எதையோ திறந்து, கொஞ்ச நேரம் பார்த்தார்.

“சார், மெஷின் இந்தக் கார்டை ஏத்துக்கவே இல்ல. ஒரு நிமிஷம்கூட ஓடல. அதான் சூடாகல.”

“அப்புறம் கேம் எதுல ஓடுச்சு?”

“மெஷினோடயே ஒரு குட்டிச் சில்லு வரும், கணக்கு வழக்கு எழுதறதுக்கு. அதுல. நீங்க கழட்டிப் போட்ட பழைய கார்டு இதைவிட எவ்வளவோ தேவலை. இதுல எல்லாம் கட்டம் கட்டமா தெரிஞ்சிருக்குமே?”

“எனக்குப் பளிச்சுன்னு தெரிஞ்சுதே” என்றேன்.

விளக்கு திரையை விட்டு என் முகத்துக்கு வந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

“கண்ணாடி எப்ப சார் மாத்தினீங்க?”

மார்ச் 29, ஞாயிறு

சகலைக்குக் கண்ணாடிக் கடையின் முகவரியை அனுப்பினேன். ‘இங்கதான் வாங்கினேன்’ என்று மட்டும் எழுதினேன். பொய்யில்லையே.