மூணு மணிக்கு மேலே பனி

காலையில் கறுப்பு எனாமல் பெயின்ட் டின்னைத் திறந்தேன். ஆறிப்போன பாலைப்போல மேலே ஆடை கட்டியிருந்தது. அதைக் கிழித்ததும் எழுந்த வாடையில் நீ வந்து உட்கார்ந்துவிட்டாய். ஓசூர்க் குளிரில் இறுகிய டின்னை வெந்நீர் வாளிக்குள் நிறுத்தி, முழங்கையால் சூடு பார்ப்பாயே, அதையேதான் இப்போது நானும் செய்கிறேன். "பெத்த புள்ளைங்களுக்கு ஒருநாளாச்சும் தண்ணி காய வச்சிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போகிறாள் என் வீட்டுக்காரி.

நம் கூட்டணியில் எழுத்து உன்னுடையது, ரோலர் என்னுடையது. நீ கடைப் பலகைகளில் தமிழும் கன்னடமும் எழுதுவாய். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசுவேன். குளிர்காலத்தில் உனக்கு ஒரே சட்டம். "மூணு மணிக்கு மேல பிரஷ்ஷத் தொட்டா அது பனிக்குச் செய்யற வேலடா."

நான்தான் கேட்கவில்லை. போன வருஷம் அந்த ஜூஜுவாடி வீட்டுக்காரர், சம்பந்தி வருவதற்குள் கேட் மின்னவேண்டும் என்று நின்றார். மைத்துனர் வீட்டு கேட்டைவிட ஒரு அடி உயரம் என்பதுதான் அதன் பெருமை. நீ இல்லாத நேரம் பார்த்து ஆறு மணிவரை அடித்துத் தள்ளினேன். மறுநாள், காயாத பெயின்டில் பனி இறங்கி, கேட் முழுக்கத் திருநீறு பூசியதுபோல் வெளுத்திருந்தது.

"கேட்டச் சாமியாராக்கிட்டியேடா," என்று உப்புத்தாளை எடுத்தாய். இரண்டு நாள் தூசிக்குள் இருமிக்கொண்டே தேய்த்தாய். குளிர் இருமல் என்றுதான் நானும் நினைத்தேன். அது நிற்கவேயில்லை. மாசி முடிவதற்குள் நீ போய்விட்டாய்.

இந்தக் கிறிஸ்துமஸுக்குள் உன் சிலுவையில் பெயர் எழுதிவிட வேண்டும் என்றாள் உன் மனைவி. "வேற ஆளு வேணாம்ணா. நீங்களே எழுதுங்க." எனக்கு எழுத்து வராது என்று சொல்ல வாய் வரவில்லை.

முதல் நாள் கல்லறைத் தோட்டத்தில் பனி விலகவே பதினொன்று ஆனது. முடித்துவிடும் ஆசையில் நாலரை வரை எழுதினேன். காலையில் போனால் அதே திருநீறு. தின்னரில் நனைத்த துணியால் உன் பெயரை நானே துடைத்தேன். இரண்டாம் நாள் மூன்று மணிக்கு நிறுத்தினேன், பாதிதான் ஆகியிருந்தது. பிறகு தூறலும் பனியுமாகவே போனது. வானத்தைப் பார்த்து டீ குடித்ததைத் தவிர என்னால் ஆனது ஒன்றுமில்லை.

கிறிஸ்துமஸ் அன்று மெழுகுவத்தியோடு வந்தவள் பாதிப் பெயரைப் பார்த்தாள். நான் தலையைச் சொறிந்தேன்.

"பரவால்லண்ணா. அவரு மட்டும் எந்த வேலையச் சொன்ன நாள்ல முடிச்சாரு?" என்று சிரித்தாள். பிறகு எழுதாத பாதியில் விரலை வைத்துப் பார்த்தாள். பனியில் ஈரமாகத்தான் இருந்தது.

இன்று கொஞ்சம் வெளிச்சம் தெரிகிறது. டின்னோடு கிளம்புகிறேன். வளைவெல்லாம் ஜிலேபியாகத்தான் வரும், திட்டிக்கொள். ஆனால் இப்போதெல்லாம் மூன்று மணி ஆனதும் என் கை தானாகவே பிரஷ்ஷைக் கீழே வைத்துவிடுகிறது. போன குளிரில், ஜூஜுவாடியில், இந்தக் கை அப்படி வைத்திருக்கலாம்.