ஐந்தாவது பக்கத்தின் அளவு

லிந்துலை,
மார்ச் 17.

அன்பு மச்சானுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். குவைத்தில் நீங்களும் சுகமாக இருக்க வேண்டும். அத்தைக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது.

போன மாதம் நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்தேன். கோபம்தான். “தொரைகிட்ட மன்னிப்பு எழுதிக் குடுத்துட்டு வேலையப் பாரு” என்று நீங்களே சொல்வீர்கள் என நான் நினைக்கவில்லை. போனில் பேசினால் மறுபடியும் சண்டை வரும். அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

மண்சரிவில் லயத்து வீடு போன பன்னிரண்டு குடும்பத்துக்கும் ஒதுக்கிய காணியை அளக்கும் வேலை எங்கள் ஆபீஸ் அளவையாளர் நஸீர் சேருக்குக் கிடைத்தது. அந்தக் காணிக்கு ஐந்து பக்கம். நான்கை அளந்தோம். ஐந்தாவது பக்கம் தேயிலை மேட்டின் மேல் போகிறது. தோட்டத்துத் தொரை அங்கே போகும் கேட்டைப் பூட்டிவிட்டார். ஒரு பக்கம் அளக்காமல் பிளான் போட முடியாது, மேல்பகுதியை விட்டுவிட்டு ஒன்பது வீட்டுக்கு மட்டும் பிரியுங்கள் என்றார். மேல்பகுதியில்தான் மீனம்மா அக்காவுக்கும் செல்லசாமி அண்ணனுக்கும் நமக்கும் இடம்.

பூட்டினால் அளவு தெரியாமல் போய்விடுமா? காணியைச் சுற்றி வந்தால் புறப்பட்ட எல்லைக்கல்லுக்கே திரும்ப வேண்டும். வடக்கே போன அளவுக்குத் தெற்கே வந்திருக்க வேண்டும், கிழக்கும் மேற்கும் அப்படித்தான். நான்கு பக்கத்தையும் கூட்டிப் பார்த்தேன். தெற்கே 37.20 மீட்டரும் மேற்கே 48.90 மீட்டரும் குறைந்தது. அந்தக் குறைதான் ஐந்தாவது பக்கம். நீளம் 61.44, அது போகும் திசையும் அதிலேயே கிடைத்தது.

ஆனால் நான்கு பக்கத்தில் எங்கே பிழை விட்டிருந்தாலும் அது மொத்தமும் இந்தப் பக்கத்தின் தலையில் வந்து விழும். அதைச் சரிபார்க்க வேறு அளவு இல்லை. அதனால் மழையோடு மழையாக நான்கையும் மூன்று தடவை அளந்தேன். நம் இடமும் அதில் இருப்பதால் நஸீர் சேர் தானும் தனியாக அளந்தார். “கணக்கு சரி. ஆனா இந்தக் கோடு கணக்குல எடுத்ததுன்னு பிளான்லயே எழுதும்மா. மறைக்கப்படாது” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

பிறகுதான் தொல்லை. பொய் அளவு எழுதினேன் என்று தொரை மேலே முறையிட்டார். மறுநாள் காலை வேலை பிரிக்கும் பெரட்டில் அத்தைக்குப் பேர் போடவில்லை. நேற்று வரை வேலை இல்லை. மருமகள் மன்னிப்பு எழுதினால் பேர் போடுவோம் என்றார் கணக்கப்பிள்ளை. அத்தை கூடையை இறக்கி வைத்துவிட்டு, “அவ எழுதுனா நான் இனிமே கொழுந்தே எடுக்க மாட்டேன்” என்றார்களாம். மீனம்மா அக்கா சொல்லித்தான் எனக்கே தெரியும்.

நேற்றுப் பிரதேச செயலகத்தில் விசாரணை. இவள் தன் புருசனின் இடத்துக்காக வீட்டில் உட்கார்ந்து எழுதிய அளவு என்றார் தொரை. எழுந்து சிங்களத்திலேயே கேட்டேன்: “அப்படியென்றால் கேட்டைத் திறங்கள். இப்போதே எல்லார் முன்னாலும் அளப்போம். பிழை என்றால் இந்த வேலையையே விட்டுவிடுகிறேன்.”

மத்தியானம் அதிகாரியே வந்து கேட்டைத் திறக்க வைத்தார். அரசாங்க அளவையாளர் அளந்தார். 61.40. நான்கு சென்டிமீட்டர் வித்தியாசம். பன்னிரண்டு வீட்டுக்கும் பிளானை ஏற்றுக்கொண்டார்கள். தொரை ஜீப்பில் ஏறிப் போனார். இன்று காலை அத்தைக்குப் பேர் போட்டார்கள், ஆனால் அந்த முழங்காலோடு ஆக மேலே உள்ள மலைக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்கும் மனுக் கொடுக்கப் போகிறேன். வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

நம் இடத்தின் மேல் மூலையில் நின்றால் அந்த மண்சரிவில் மாமாவைத் தோண்டி எடுத்த இடம் தெரிகிறது. அங்கே இப்போது புல் முளைத்திருக்கிறது. காரியத்துக்கு நீங்கள் வரவில்லை என்று யாரும் குறையாகப் பேசவில்லை. உங்களுக்கு லீவு தரவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

வீட்டு வாசலை எந்தப் பக்கம் வைப்பது என்று அத்தை தினமும் கேட்கிறார்கள். அது என் கணக்கில் வராது. நீங்கள் வந்து அந்த மண்ணில் நின்று சொல்லுங்கள். அதுவரை யாரையும் கடைக்கால் தோண்ட விடமாட்டேன்.

உங்கள்,
தக்ஷிகா.