என் வெள்ளிக்கு நீ கேட்ட மன்னிப்பு

காப்ரோவோ,
ஏப்ரல் 13, ஞாயிறு.

அன்புள்ள லியூபென்,

நான் நலம். நீ நலமா என்று கடைசியில்தான் கேட்பேன், கோபித்துக்கொள்ளாதே. இதையெல்லாம் ஃபோனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ நடுவில் புகுந்து "சரி, விட்டுடு வெசா" என்பாய், நானும் விட்டுவிடுவேன். கடிதத்தில் அந்த வசதி உனக்கு இல்லை.

செவ்வாய்க்கிழமை வாசகசாலை மாடியில் வானியல் சங்கத்தின் கூட்டம். தலைவர் இன்ஜினியர் கமெனோவ் தன் ஃபோனை எடுத்து, நீ அவருக்கு அனுப்பிய செய்தியைப் பதினேழு பேர் முன்னால் நிறுத்தி நிதானமாக வாசித்தார். "என் மனைவி செய்த தவறுக்கு அவள் சார்பில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பெரிய மனது பண்ணி இத்தோடு விட்டுவிடுங்கள்." வாசித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எந்தத் தவறு, லியூபென்? நீ என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? கேட்கவில்லை. அதனால் நடந்ததை நானே முதலிலிருந்து எழுதுகிறேன்.

மார்ச் கடைசியில் சமையலறை பால்கனியிலிருந்து வெள்ளி கிரகத்தைப் படம் பிடித்தேன். நம் வீட்டுத் தொலைநோக்கியை உனக்குத் தெரியும், என் தோழி பென்காவின் அண்ணன் வீட்டில் குடைகளோடு மூலையில் நின்றதை வாங்கி வந்தோம். சாதாரணமாகப் பார்த்தால் வெள்ளி ஒரு வெள்ளைப் பொத்தான் மாதிரி மொழுக்கென்று இருக்கும். ஊதா ஒளியில் மட்டும் அதன் மேகங்கள் கொஞ்சம் தெரியும். கமெனோவிடம் இதற்கென்றே செய்த விலை உயர்ந்த ஃபில்டர் இருக்கிறது. என்னிடம் இருந்தது பழைய சாமான் சந்தையில் ஐந்து நிறங்கள் சேர்த்து ஒரே பெட்டியாக வாங்கிய கண்ணாடிகளில் ஊதா மட்டும். வீட்டுச் சூடு வீணாகக் கூடாதென்று பூனையின் வாலை வெட்டியாவது கதவைச் சீக்கிரம் மூடும் கஞ்ச ஊரில் பிறந்துவிட்டு வேறு எதை வாங்குவேன்?

படத்தில் கருப்புக் கோடுகள் வந்தன. பளிச்சென்று வந்தன. ஆசையில் சங்கத்துக்கு அனுப்பினேன், ஏப்ரல் பன்னிரண்டு கண்காட்சிக்கு. கமெனோவுக்கு இந்த வருஷம் ஒரு கோடுகூடக் கிடைக்கவில்லை. அந்தத் தகரக் குழாயில் இது வரவே வராது, விண்கலம் எடுத்த படத்தைத் திருடி மங்கலாக்கிக் கொடுத்திருக்கிறாள் என்று எல்லோருக்கும் எழுதினார். மன்னிப்புக் கடிதம் தராவிட்டால் சங்கத்திலிருந்து பெயரை அடிப்பாராம். தையல் ஆலையில் காஜா எடுக்கிறவள் வானத்துக்கும் பட்டன் தைக்க வந்துவிட்டாள் என்று சங்கத்தில் ஒரு பேச்சு. சிரித்தவர்கள் யார் யார் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

திருடவில்லை என்று காட்ட, அசல் வீடியோக்களை எடுத்து உட்கார்ந்தேன். உனக்குத் தெரியுமே, இரண்டு நிமிட வீடியோவில் ஆயிரக்கணக்கான படங்கள் இருக்கும். காற்று அசையாத நேரத்தில் விழுந்தவற்றைப் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கூர்மையைக் கூட்டினால்தான் ஒரு கிரகம் தேறும். அன்று அரை மணி இடைவெளியில் இரண்டு வீடியோ எடுத்திருந்தேன். முதலாவதை மட்டும்தான் படமாக்கி அனுப்பியிருந்தேன். இரண்டாவதையும் அதே மாதிரி செய்து பக்கத்தில் வைத்தேன். கோடுகள் வேறு இடத்தில் இருந்தன.

அரை மணியில் மேகம் அப்படி ஓடாது. துணியை அழுத்தி அழுத்தி இஸ்திரி போட்டால் இல்லாத மடிப்பு விழுமே, அப்படி நானே கூர்மையைக் கூட்டிக் கூட்டி உண்டாக்கிய கோடுகள் அவை. திருடவில்லை. ஆனால் படம் பொய்.

அடியில் உண்மையான மேகம் ஏன் வரவில்லை என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் ஆலையிலிருந்து வந்ததும் ஊதாக் கண்ணாடியைத் தொலைநோக்கியின் கேமரா முன்னால் மாட்டி, டிவி ரிமோட்டை அதன் எதிரே பிடித்து அழுத்தினேன். ரிமோட்டின் நுனியிலிருந்து வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. ஊதாக் கண்ணாடி அதை நிறுத்த வேண்டும். கணினித் திரையில் விளக்கு மாதிரி எரிந்தது. என் கண்ணாடி ஊதாவோடு சேர்த்து அகச்சிவப்பையும் வாசல் திறந்து உள்ளே விட்டிருக்கிறது. அந்த வெள்ளத்தில் ஊதாவில் வந்த மேகம் எங்கே தெரியும்? மலிவுக் கண்ணாடி வாங்குகிறவர்கள் எல்லோரும் விழுகிற குழி. நானும் விழுந்தேன்.

நம் பழைய கணினிக் கேமராவை உடைத்தேன், திட்டாதே, அது எப்படியும் செத்துக் கிடந்தது. அதற்குள் சுண்டுவிரல் நகம் அளவில் அகச்சிவப்பை நிறுத்தும் கண்ணாடித் துண்டு இருக்கிறது. ஒரு வளையத்தில் வைத்து ஊதாவுக்குப் பின்னால் ஒட்டினேன். மறுபடி ரிமோட். திரை இருட்டாகவே இருந்தது. சமையலறையில் நின்று தனியாகக் கைதட்டினேன்.

இதைச் சொல்லத்தான் செவ்வாய்க்கிழமை கூட்டத்துக்குப் போனேன். என் படம் தப்பு, திருட்டு இல்லை, இரண்டையும் எல்லோர் முன்னாலும் நிரூபிக்கிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் கமெனோவ் உன் செய்தியை வாசித்தார். அப்புறம் என் பேச்சை யார் கேட்பார்கள்?

நேற்று கண்காட்சி. உள்ளே எனக்கு இடம் இல்லை என்றார்கள். வாசகசாலை முற்றம் நகரசபையுடையது, அதை யாரும் தடுக்க முடியாது. ஐந்து மணிக்குச் சூரியன் கட்டடத்துக்குப் பின்னால் இறங்கியதும், சுவரின் நிழலில் தொலைநோக்கியை நிறுத்தினேன். சூரியன் தப்பித் தவறிக் குழாய்க்குள் புகுந்தால் கண் போய்விடும் என்று பென்கா கயிறு கட்டிக் காவல் நின்றாள். பகல் வெளிச்சத்தில் வெள்ளியைத் தேடிப் பிடிக்கப் பத்து நிமிடம் ஆனது. எட்டிப் பார்த்தவர்களில் பாதிப் பேர், "இது நிலாதானே?" என்றார்கள். பாதி நிலா மாதிரிதான் இருந்தது. நிலா எங்கே, வானத்தில் காட்டுங்கள் என்று கேட்டேன். அதற்குப் பிறகு உள்ளேயிருந்த கூட்டமும் வெளியே வந்துவிட்டது.

ஒரு வீடியோ, அரை மணி கழித்து இன்னொன்று. படியில் உட்கார்ந்து, எல்லோரும் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்க, இரண்டையும் அடுக்கினேன். கூர்மையைக் கொஞ்சமாகத்தான் கூட்டினேன், கை பயந்தது. முதல் படத்தில் மங்கலாக, சாய்வாக இரண்டு பட்டைகள். இரண்டாவதிலும் அதே இரண்டு பட்டைகள், அதே இடத்தில். பழைய படத்தையும் பையிலிருந்து எடுத்து, இது என் தப்பு, அது வெள்ளி என்று சத்தமாகச் சொன்னேன். எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை.

கமெனோவ் குனிந்து வெகுநேரம் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார்.

"இது வெள்ளிதான், ஒத்துக்கறேன். சுவத்துல மாட்டிக்கலாம். ஆனா அந்தப் பழைய விவகாரம் முடிஞ்சு போனது. உங்க வீட்டுக்காரரே திருட்டுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதியாச்சு. அதைப் பிரிண்ட் எடுத்து ஃபைல்ல வச்சிருக்கோம்."

"என் வாய் என்கிட்டதான் இருக்கு, இன்ஜினியர். நான் யாருக்கும் அதை இரவல் குடுக்கல."

"அதை நீங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க."

அதைத்தான் இப்போது சொல்கிறேன். என் படம் அவர்கள் சுவரில் தொங்குகிறது. என் கணவன் என்னைத் திருடி என்று ஒத்துக்கொண்ட காகிதம் அவர்கள் அலமாரியில் இருக்கிறது. நாளைக்கு நான் எந்தப் படம் எடுத்தாலும் யாராவது அந்த அலமாரியைத் திறப்பார்கள்.

ஸ்டுட்கார்ட்டில் உன் மேஸ்திரி கமெனோவின் அக்கா மகன் என்பது எனக்குத் தெரியாதா? நீ ஏன் எழுதினாய் என்று தெரியும். பயந்திருப்பாய். அவன் ஏதாவது சொல்லியிருப்பான், அல்லது சொல்லாமலே முறைத்திருப்பான். எனக்கு உன்மேல் இரக்கமும் இருக்கிறது, அதைவிடக் கொஞ்சம் அதிகமாகக் கோபமும் இருக்கிறது. வேலை போனால் போகட்டும். என் சம்பளத்தில் அவரைக்கொட்டையும் ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டு இரண்டு பேர் உயிரோடு இருக்க முடியும். முன்பும் இருந்திருக்கிறோம்.

இதோடு ஒரு உறை வைத்திருக்கிறேன். சங்கத்தின் முகவரியை நானே எழுதிவிட்டேன். நீ எழுத வேண்டியது மூன்றே வரி: என் மனைவி திருடவில்லை. அவள் சார்பில் மன்னிப்புக் கேட்க எனக்கு உரிமை கிடையாது. அதைத் திரும்பப் பெறுகிறேன். ஃபோனில் தட்டாதே, கையால் எழுதி, உன் முழுப் பெயரோடு கையெழுத்துப் போடு.

எழுதிவிட்டு, வேலை போய், வெறுங்கையோடு வந்தால் பேருந்து நிலையத்துக்கு நானே வந்து உன் பெட்டியைத் தூக்குவேன். எழுதாமல் கை நிறையக் கொண்டுவந்தால், உன் எதிரே உட்கார்ந்து எப்படிச் சாப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை, லியூபென்.

நீ நலமா? இருமல் நின்றதா? சாரத்தில் ஏறும்போது பெல்ட்டை மாட்டிக்கொள். எத்தனை மாடி உயரத்தில் நின்றாலும் கடவுள் உன் காலடியைப் பார்த்துக்கொள்ளட்டும்.

உன்
வெசெலினா