மூன்றாவது கேள்வி

என் நெட்டைக்கு,

உங்கள் மனைவி எழுதுவது. நானும் மகளும் நலம். நெட்டை என்று கூப்பிட்டால் முறைப்பீர்கள், முறைத்துக்கொள்ளுங்கள். மகள் எதிரில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள். கப்பலிலேயே உங்கள் உயிர் போனதையும், கப்பல் ஒதுங்கிய கரையிலேயே அடக்கம் செய்ததையும் அவளிடம் இன்னும் சொல்லவில்லை. அப்பாவுக்கு வேலை நீள்கிறது என்றே ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

தையல் கடையில் இந்த வாரம் கை ஓடவில்லை. இரண்டு சட்டைக்குப் பொத்தான் காஜாவைத் தப்பான பக்கம் எடுத்துவிட்டேன். "புருஷனை நினைச்சுக்கிட்டே தைக்கிறியா?" என்று கேட்டுவிட்டு மாஸ்டர் நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் நினைத்தது உங்களை இல்லை, மகளுடைய புது டீச்சரை.

அவர் பாடத்தை ஒப்பிக்கச் சொல்வதில்லை. மூன்று விதமாகக் கேள்வியாம். ஒன்றுக்குப் பதில் புத்தகத்திலேயே இருக்கும். இன்னொன்றுக்கு அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் சேர்த்துப் பார்க்க வேண்டும். மூன்றாவதுக்குப் புத்தகத்தில் பதிலே கிடையாதாம், சொந்தமாக யோசிக்கணுமாம். நமக்கெல்லாம் கோடிட்ட இடத்தை நிரப்பியதோடு சரி.

பாடம், மழையில் காணாமல் போன ஓர் ஆட்டைப் பற்றி. வந்துவிடும் என்று பையனிடம் சொல்லி, தாய்க்காரி தினமும் தண்ணீர் வைக்கிறாள். ஆடு என்ன நிறம் என்பது முதல் கேள்வி. அம்மா ஏன் அதன் கயிற்றை ஒளித்து வைத்தாள் என்பது இரண்டாவது. மூன்றாவதை மகள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்: "ஆடு இனி வராதுன்னு பையனுக்குத் தெரிஞ்சிடுச்சு. அதை அவன் அம்மாகிட்ட சொல்லலாமா, கூடாதா?"

நான் தட்டைத் தள்ளி வைத்தேன். இது பாடத்துக்குக் கேட்பதா, என் வீட்டுக்குள் கையை விடுவதா? டீச்சரிடம் போட்டுக்கொடுத்தது யார்? உங்கள் அண்ணனா? கீழ்வீட்டு அக்காவா? அவள் வாய்க்குத்தான் பூட்டே கிடையாதே. போன வாரம் தெருமுனையில் அவளும் டீச்சரும் சிரித்துப் பேசியதை என் கண்ணால் பார்த்தேன்.

இன்று அரைநாள் லீவு சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். "என் பிள்ளை வாயைக் கிளறி எதைப் பிடுங்கப் பாக்குறீங்க?" என்று நேராகவே கேட்டேன். டீச்சர் கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டு, "உக்காருங்கக்கா" என்றார். அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லையாம். முதல் இரண்டு கேள்விதான் அவர் போட்டதாம். மூன்றாவதைப் பிள்ளைகளையே யோசித்துப் போடச் சொன்னாராம்.

அதைப் போட்டது நம் மகள்.

"வகுப்புலயே நல்ல கேள்வி, அதான் எல்லாரையும் கேட்டேன்" என்றார். அத்தனை பேரும் பதில் சொல்லக் கை தூக்கினார்களாம். இவள் மட்டும் தூக்கவில்லையாம்.

அவளிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. இப்போதும் தலையை நிமிர்த்தாமல், "அப்பாவை நான் விசாரிச்சதா எழுதும்மா" என்கிறாள். எழுதிவிட்டேன்.

எங்கே இருந்தாலும் நிம்மதியாக இருங்கள். பிள்ளைக்குத் துணையாக நில்லுங்கள். இதை மட்டும் சொல்லிவிடுங்கள்: எங்கள் இரண்டு பேரில் முதலில் வாயைத் திறக்க வேண்டியது யார்?