ஜாய்சனின் வயது

தூத்துக்குடி
3 ஜூன் 2025

அன்பு நண்பன் கிளாட்வினுக்கு,

நீயும் மெட்டில்டாவும் என் ஞானப்பிள்ளையான உங்கள் மகன் ஜாய்சனும் சுகந்தானே? போனில் உனக்கு ‘ம்’ என்பதற்கு மேல் வாய் வராது. நான் கப்பலில் இருந்த காலத்திலிருந்தே நமக்குக் கடிதம்தான் சரிப்பட்டு வருகிறது.

கப்பலை விட்டு இறங்கியவனைச் சும்மா இருக்க விடாமல் கால்பந்து லீக்கிற்குச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். போன வருடம் நீ பயிற்சி கொடுக்கும் வேம்பாற்றுப் பிள்ளைகள் துறைமுகத்துக் கிளப்பிடம் ஒன்பது கோல் வாங்கினார்களாமே! மீசை முளைத்தவனையெல்லாம் அவர்கள் பன்னிரண்டு வயது என்று இறக்கினால் வேறென்ன நடக்கும்? இனி அது நடக்காது. பதின்மூன்று வயதுக்கு உட்பட்டோர் ஆட்டத்தில், 2012க்கு முன் பிறந்த ஒருவன் இருந்தாலும் அந்தக் கிளப் வருடம் முழுக்க வெளியே. பெரிய கிளப்புகள் சின்ன ஊர்ப் பிள்ளைகளை இழுத்துக்கொள்வதும் கூடாது. சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

ஜாய்சன் இப்போது பதினைந்து வயதுக்கு உட்பட்ட அணிதானே? அவன் ஆட்டத்தை இந்த வருடம் பார்க்காமல் விடமாட்டேன்.

உன்
ஜெஃப்ரி


வேம்பாறு
12 ஜூன் 2025

அன்புள்ள ஜெஃப்ரி,

எல்லோரும் சுகம். உன் கடிதத்தைப் பயிற்சி முடிந்ததும் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். கோல்கீப்பர் பயல் எழுந்து, “அப்பம் இனிமே நாமளும் ஜெயிப்போமா சார்?” என்று கேட்டான். பதினோரு வருடமாகப் பயிற்சி கொடுக்கிறேன். இந்தக் கேள்வியை ஒருவனும் கேட்டதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, போ.

பதின்மூன்று வயதுக்கு உட்பட்ட அணியின் பதினாறு பேர் பட்டியலும் பிறப்புச் சான்றிதழ்களும் இதனுடன் இருக்கின்றன. அதில் ஜாய்சன் பெயரும் உண்டு. பார்த்ததும் அவசரப்படாதே. ஒருநாள் நேரில் வா. அவனைப் பற்றி உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். எழுத எனக்குத் தைரியம் இல்லை.

அன்புடன்
கிளாட்வின்


தூத்துக்குடி
27 ஜூன் 2025

கிளாட்வின்,

சான்றிதழில் 2012 செப்டம்பர் என்று இருக்கிறது. 2010 டிசம்பரில் ஜாய்சனின் ஞானஸ்நானத்தில் அவனைக் கையில் ஏந்தி ஞானத்தகப்பனாக நின்றவன் நான். யாரை ஏமாற்றப் பார்த்தாய்? என் நினைவையே சந்தேகப்பட்டு, உங்கள் பங்குக் கோவில் அலுவலகத்தில் ஞானஸ்நானப் பதிவேட்டின் அந்தப் பக்கத்துக்கு நகல் வாங்கினேன். ஜாய்சன் பெயருக்குப் பக்கத்தில் என் கையெழுத்து அப்படியே இருக்கிறது.

நேரில் சொல்ல வேண்டும் என்றது இதைத்தானா? கண்டும் காணாமல் இருக்கச் சொல்லவா?

நேற்றுக் கமிட்டியில் முடித்துவிட்டேன். உன் கிளப் இந்த வருடம் வெளியே. ஜாய்சனுக்கு இரண்டு வருடத் தடை. மற்றப் பிள்ளைகள் வீணாகக் கூடாது, அதனால் விரும்பிய கிளப்பில் அவர்கள் சேர்ந்துகொள்ளலாம். நோட்டீஸ் எல்லாக் கிளப்புக்கும் போய்விட்டது. முதல் அடி என் நண்பனுக்கே விழுந்தால்தான் அடுத்தவன் பயப்படுவான். எனக்கு எவ்வளவு வலிக்கிறது என்று உனக்குத் தெரியாது.

ஜெஃப்ரி


வேம்பாறு
9 ஜூலை 2025

அன்புள்ள ஜெஃப்ரி,

நீ கையில் ஏந்திய ஜாய்சன் 2011 ஏப்ரலில் இறந்துவிட்டான். ஐந்து மாதம். காய்ச்சல் என்று தூத்துக்குடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வழியிலேயே போய்விட்டான்.

அந்த வாரம்தான் உன் கடிதம் வந்தது. அவன் போட்டோவைப் படுக்கைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன், அதைப் பார்த்துத்தான் கப்பலில் நாளைக் கழிக்கிறேன் என்று எழுதியிருந்தாய். உனக்கு எப்படிச் சொல்வேன்? அடுத்த வருடம் இவன் பிறந்தான். போன பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பது நம் பக்கத்தில் உண்டு. மெட்டில்டா அதே பெயர்தான் வேண்டும் என்றாள். ஜாய்சன் எப்படி இருக்கிறான் என்று நீ கேட்டாய். நன்றாக இருக்கிறான் என்று எழுதினேன். அது பொய்யில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

2015இல் ஒரு மணி நேரம் வந்துவிட்டுப் போனாயே. “என்ன மெட்டில்டா, புள்ளைக்குச் சோறு போடுதியா இல்லையா? நாலு வயசுப் புள்ள இம்புட்டுதான் இருக்கு” என்று சிரித்தாய். அடுப்படிக்குள் போனவள் நீ கிளம்பும்வரை வெளியே வரவில்லை. அன்றைக்காவது நான் சொல்லியிருக்க வேண்டும். உன்னிடம் மறைத்தது என் தப்பு. ஆனால் பிள்ளையின் வயதில் நான் பொய் சொல்லவில்லை. அந்தப் பதிவேட்டில் இன்னும் இரண்டு வருடம் தள்ளிப் பார்க்கச் சொல்லியிருந்தால் இவன் பெயரும் கிடைத்திருக்கும்.

‘2010இல் ஞானஸ்நானம் பெற்ற ஜாய்சன்’ என்று உன் நோட்டீஸில் போட்டிருந்தாய். அதை யாரோ மைதானத்துச் சுவரில் ஒட்டிவிட்டார்கள். பையன் வாசித்துவிட்டு வந்து, “எப்பா, அது யாருப்பா?” என்று கேட்டான். அவனுக்கு ஒரு அண்ணன் இருந்ததை நாங்கள் சொன்னதே இல்லை.

கிளாட்வின்


தூத்துக்குடி
12 ஜூலை 2025

என் அன்பு கிளாட்வின்,

உன் கடிதம் முந்தாநாள் கிடைத்தது. பதிவேட்டில் என் கையெழுத்தைப் பார்த்ததும் மற்ற எதையும் பார்க்கத் தோன்றவில்லை எனக்கு. பாவி நான். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!

தடைகளை நீக்கிவிட்டேன். தப்பு என்னுடையது என்று எல்லாக் கிளப்புக்கும் எழுதிவிட்டேன். ஆட்டம் தொடங்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, உன் பிள்ளைகளைத் தயார் செய். இருபதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். மெட்டில்டா என்ன ஏசினாலும் கேட்டுக்கொள்கிறேன். ஜாய்சனிடம் நானே பேசுகிறேன். வரலாம் என்று ஒரு வரி எழுது.

உன்
ஜெஃப்ரி


வேம்பாறு
16 ஜூலை 2025

ஜெஃப்ரிக்கு,

கடிதம் கிடைத்தது. பதினாறு பேரில் ஒன்பது பேர் துறைமுகத்துக் கிளப்பில் சேர்ந்துவிட்டார்கள். நீ கொடுத்த அனுமதிதான். வேன் வருகிறது, ஷூ கொடுக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளைத் திரும்பக் கூப்பிட எனக்கு மனசு வரவில்லை. மிச்சம் ஏழு பேரை வைத்து நான் எந்த அணியை இறக்குவேன்? உன் விதி நல்ல விதி, இப்போதும் சொல்கிறேன். செயலாளர் வேலையை விட்டுவிடாதே. மற்ற ஊர்ப் பிள்ளைகளாவது ஜெயிக்கட்டும்.

இவன் பந்தைத் தொடுவதில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், “அது அண்ணன் பேருல்லா, என்னை அப்படிக் கூப்பிடாதீங்க” என்கிறான். மெட்டில்டா இப்போது அவனை ‘ஏலே’ என்று மட்டும்தான் கூப்பிடுகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை வராதே. என்றைக்காவது மனசு கேட்காமல் வந்தால், கோவிலுக்குப் பின்னால் கல்லறைத் தோட்டத்தில், வடக்குச் சுவரை ஒட்டிச் சின்னச் சிலுவை ஒன்று இருக்கிறது. நீ ஏந்திய பிள்ளை அங்கேதான் இருக்கிறான். அவனைப் பார்க்க உனக்கு உரிமை உண்டு, நான் தடுக்க மாட்டேன். எங்கள் வீட்டுக்கு மட்டும் வர வேண்டாம்.

கிளாட்வின்