பழைய நேரப்படி இரண்டு மணி

விஸ்கான்சின்
ஜனவரி 14, 1974

அன்புள்ள ஆல்வினா,

இடுப்பு எலும்பு கூடிவருகிறதா? நேற்று ஞாயிறு, இரண்டு மணிக்கு உன்னைப் பார்க்க வந்தேன். முதியோர் விடுதிக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

"மணி மூணு, தாத்தா. ஞாயித்துக்கிழமை ரெண்டுலேர்ந்து மூணு வரைக்கும்தான் பார்வை நேரம், முடிஞ்சுது. கடிகாரத்தை மாத்திக்கோங்க" என்றாள் வாசலில் இருந்த பெண்.

"முதல்ல உங்க அரசாங்கத்தை மாத்தச் சொல்லும்மா" என்றேன்.

எண்ணெய்த் தட்டுப்பாடாம், அதற்காக, கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைக்கிற கோடைக்கால நேரத்தை வருடம் முழுவதற்கும் நீட்டிவிட்டார்கள். கோடையில் உன் சர்ச்சுக்கு நேரமாகக் கூடாதென்று சகித்தேன். குளிர்காலத்திலும் என் ஒரு மணி நேரத்தைப் பிடுங்கினால் விடமாட்டேன். நம் பதினெட்டு மாடுகளும் என் கட்சிதான்.

உன்
செல்மர்

ஜனவரி 17

அன்புள்ள செல்மர்,

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பனியில் நின்று அந்தப் பெண்ணிடம் கைக்கடிகாரத்தைக் காட்டிக்கொண்டிருந்தீர்கள். கண்ணாடியைத் தட்டினேன், உங்களுக்குக் கேட்கவில்லை. இந்த ஜன்னல் திறக்காது.

காலை எட்டரை வரை இருட்டு. கஞ்சிக்கு மணி, குளியலுக்கு மணி. பக்கத்துக் கட்டில் மேபல், "உன் வீட்டுக்காரர் உன்னோட குடித்தனம் பண்றாரா, வாட்ச்சோடயா?" என்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் முள்ளை ஒரு சுற்றுத் திருப்புங்கள். மாடுகளுக்கு நான் சொல்லமாட்டேன்.

அன்புடன்
ஆல்வினா

மார்ச் 25

அன்புள்ள ஆல்வினா,

ஒரு முறை திருப்பினால் ஒப்புக்கொண்டதாகிவிடும். ஊர்க் கூட்டத்தில் கடைக்காரன் ஹால்வர் எழுந்து, "சாயங்காலம் வெளிச்சம் இருந்தா வியாபாரம் நடக்குது. இதுவே நிரந்தரமா இருக்கட்டும்" என்றான்.

"உன் கல்லா நிறைய, பள்ளிக்கூடப் பிள்ளைங்க இருட்டுல டார்ச்சோட பஸ்ஸுக்கு நிக்கணுமா?" என்றேன். கை தட்டினார்கள்.

பதினொரு ஞாயிறு வந்துவிட்டேன். ஒன்றுகூடத் தவறவில்லை. கதவைச் சாத்துவது அவர்கள்தான், நான் அல்ல.

உன்
செல்மர்

ஆகஸ்ட் 12

அன்புள்ள செல்மர்,

தடியூன்றி நடக்கிறேன். வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அழைத்துப்போகிறவர் உள்ளே வந்து கையெழுத்துப் போட வேண்டும். ஞாயிறு, அவர்கள் கடிகாரத்தில் மூன்று மணிக்குள்.

நம் கேரன் அரிசோனாவிலிருந்து போன் செய்து, "நான் வந்து கூட்டிட்டுப் போகட்டுமாம்மா?" என்று கேட்டாள். அப்பா வருவார் என்று சொல்லியிருக்கிறேன்.

பெட்டி கட்டிவிட்டேன்.

ஆல்வினா

அக்டோபர் 21

அன்புள்ள ஆல்வினா,

ஜெயித்துவிட்டோம்! சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். வரும் ஞாயிறு ஊரே கடிகாரத்தைப் பின்னால் தள்ளும். நான் தள்ள வேண்டியதில்லை. என்னுடையது சரியாகவே இருந்திருக்கிறது.

ஆகஸ்டில் நீ சொன்ன ஞாயிறும் வந்தேன். இரண்டு மணிக்கு. சாத்தியிருந்தது. குற்றம் யாருடையது என்று இப்போது தெரிந்துவிட்டதல்லவா?

ஞாயிறு இரண்டு மணிக்கு வருகிறேன். உன் நீல ஸ்வெட்டரைக் கொண்டுவருகிறேன். வீட்டுக்குப் போவோம்.

உன்
செல்மர்

அரிசோனா
நவம்பர் 2

செல்மர்,

உங்கள் கடிதத்தை விடுதிக்காரர்கள் இங்கே அனுப்பிவைத்தார்கள். ஞாயிறு உங்களை உள்ளே விட்டிருப்பார்கள். கட்டிலைப் பார்த்திருப்பீர்கள்.

ஆகஸ்டில் அந்த ஞாயிறு ஷூ போட்டு, பெட்டியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். மூன்றடித்தது. கதவைச் சாத்தினார்கள். அப்புறம் உங்கள் வண்டி வந்தது. இரண்டு வாரம் கழித்துக் கேரன் வந்தாள். அதன்பின் நீங்கள் வந்து நின்ற ஞாயிறுகளில் ஜன்னலில் நான் இல்லை. சாத்திய கதவுக்கு வெளியே உங்களுக்கு அது தெரிந்திருக்காது.

நீங்கள் சொன்னதுதான் சரி. இனி அதை யாரும் மறுக்கப்போவதில்லை.

இந்த ஊரில் கோடையிலும் குளிரிலும் கடிகாரத்தை யாரும் தொடுவதில்லை. உங்களுக்குப் பிடித்திருக்கும்.

வரச் சொல்லி எழுதவில்லை. ஸ்வெட்டரும் வேண்டாம், இங்கே வெயில்.

ஆல்வினா