செந்தூரத்துக்கு அடியில்

மாட்டுங்கா, பம்பாய்
12 நவம்பர் 1943

அன்புள்ள விஜி அக்காவுக்கு, அகிலாண்டம் நமஸ்காரம் பண்ணி எழுதுவது.

அந்தக் கல்லில் நான் முதலில் பார்த்தது ஒரு சின்னப் பாதம். சயான் போகிற சாலையில், அரசமரத்தடியில், வெறும் சிவப்புக் கட்டியாக இருந்த கல் அது. ஓரிடத்தில் மட்டும் செந்தூரம் பெயர்ந்து ஐந்து விரலும் தெரிந்தன. அம்மன் பாதம் இத்தனை சின்னதாக இருக்காதே என்று உன் காதில் சொன்னேன். அத்திம்பேரிடம் நேரே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீதான் சொன்னாய்.

அதற்கு அத்திம்பேர், "ரோல்ல மூணு படந்தான் பாக்கி. யுத்தம் முடியற வரைக்கும் வேற ஃபிலிம் கிடைக்காது. இந்தச் செங்கட்டியைப் பிடிச்சு என்னத்துக்கு ஆகும்? உள்ளே இருக்கறது தெரிஞ்சா பத்திரிகைக்கே அனுப்பலாம்" என்றார். அவர் அப்படி ஏக்கமாகச் சொன்னதுதான் என் மனசில் நின்றது. மறுநாள் விடிகாலையில் நல்லெண்ணெயைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு போனோமே, நினைவிருக்கிறதா? நீ எண்ணெய் ஊற்றினாய், நான் சீயக்காய் போட்டுத் தேய்த்தேன். நம்மாத்து சுவாமிக்கு எண்ணெய்க் காப்புச் சாத்துவது போலத்தான் இதையும் நினைத்தோம். யாரோ பாவம், இந்த அம்மனைக் குளிப்பாட்டாமலே விட்டுவிட்டார்கள் என்று நீ சொன்னாய். வெந்த கிழங்கின் தோல் மாதிரி செந்தூரம் பாளம் பாளமாகக் கழன்று வந்தது. உள்ளே அம்மன் இடுப்பில் ஒரு குழந்தை. அதைப் பார்த்ததும் நாம் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு இன்னும் எனக்குக் கேட்கிறது.

அன்றைக்கு அத்திம்பேர் எடுத்த படம் நேற்றுத் தபாலில் வந்தது. குழந்தையின் கன்னத்துக் குழிகூடத் தெரிகிறது. அப்பா கூடத்தில் மாட்டச் சொன்னார். நான் பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஏன் என்று இதோ எழுதுகிறேன்.

நீங்கள் நாகபுரிக்கு ரயில் ஏறிய அன்றே மரத்தடியில் கூட்டம் சேர்ந்துவிட்டது. தேவி தானாகவே செந்தூரக் கவசத்தை உதிர்த்துவிட்டாள் என்று ஊரெல்லாம் பேச்சு. தேங்காய் என்ன, மாலை என்ன, ஒரே திருவிழா. பக்கத்து வீட்டுப் பார்வதியம்மாள்கூடப் போய்க் கும்பிட்டு வந்து, "நம்மூர் அம்மன் மாதிரி மூக்கும் முழியுமா என்ன லட்சணம்டி!" என்றாள். நான் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

நமக்குப் பாத்திரம் தேய்க்கும் சகுபாய்க்கு ஒரே பிள்ளை, பாண்டு என்று. கப்பலில் கரி தள்ளுகிற வேலை. மழைக்காலத்துக்கு முன்பிருந்தே அவனிடமிருந்து கடிதாசி இல்லை. அவன் திரும்பி வரும்வரை செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்தக் கல்லுக்குச் செந்தூரம் பூசுவதாக அவள் நேர்ந்துகொண்டிருக்கிறாள். அக்கா, நமக்கு இது தெரியாது. தினம் நம் வீட்டுக்கு வருகிறவள், அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவும் நமக்குத் தோன்றவில்லை.

நீங்கள் போன பிறகு வந்த செவ்வாயன்று அவள் கிண்ணத்தோடு மரத்தடிக்குப் போயிருக்கிறாள். அம்மன் இடுப்பில் இருந்த குழந்தையைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாளாம். "தேவீனே நேலா" என்றாளாம். தேவி எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்று அர்த்தம். என் பிள்ளையைத்தான் இடுப்பில் வைத்திருக்கிறாள், அதைக் காட்டத்தான் கவசத்தை உதிர்த்தாள் என்று சொல்லிச் சொல்லி அழுகிறாள். அன்றிலிருந்து வேலைக்கு வரவில்லை. கப்பல் கம்பெனியிலிருந்து காகிதம் வரட்டும் என்று பக்கத்துக் குடிசைக்காரர்கள் சொன்னாலும் கேட்கவில்லை. வருகிற செவ்வாய்க்கிழமை மருமகளின் வளையலை உடைத்துக் குங்குமத்தை அழிக்கப் போகிறார்கள். அந்தப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா கதவைச் சாத்திவிட்டு, "வாயைத் திறக்கப்படாது. மதராஸிப் பொண்ணு தேவியைத் தொட்டுத் தேய்ச்சான்னு தெரிஞ்சா சும்மா விடுவாளா? அப்பா தினம் அந்த வழியாத்தான் வரணும். பிள்ளை வந்தா தானே சரியாயிடும்" என்றாள். வராவிட்டால் என்று கேட்டேன். அம்மா எழுந்து உலை வைக்கப் போய்விட்டாள். இப்போது பாத்திரமெல்லாம் நான்தான் தேய்க்கிறேன். "படிப்பு நாலாம் பாரத்தோட நின்னதுக்கு இப்பத்தான் நல்ல வேலை கிடைச்சிருக்கு" என்று பார்வதியம்மாள் கேலி செய்கிறாள். சாம்பலைத் தொடும்போதெல்லாம் எனக்கு அந்தக் கல்தான் ஞாபகம் வருகிறது.

நான் தெருவில் யாரிடமும் வாய் திறந்து பேசாதவள் என்று உனக்குத் தெரியும். கடையில் கொத்தமல்லி கேட்கவே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அத்திம்பேரைக் கேட்டு உடனே ஒரு வரி எழுது. செவ்வாய்க்கு முன்னால் கிடைக்கிற மாதிரி எழுது.

உன் ஆசீர்வாதத்தை வேண்டும்,
அகிலாண்டம்


மாட்டுங்கா
16 நவம்பர், செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் காலைத் தபாலில் வந்தது. ஊர் விஷயத்தில் தலையிட வேண்டாம், கொஞ்ச நாளில் மறந்துவிடுவார்கள் என்று அத்திம்பேர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். அவர் பெரியவர், எனக்குக் கோபம் இல்லை. ஆனால் படத்தைப் பத்திரிகைக்கு அனுப்ப வேண்டாம் என்று நீ எப்படியாவது சொல்லு. பாண்டுவின் கப்பலைப் பற்றி விசாரிக்க அவர் ஆபீசில் வழி உண்டா என்றும் கேள். இந்த இரண்டையும் உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

அம்மா கண்ணயர்ந்த நேரம் பார்த்துச் சகுபாயின் குடிசைக்குப் போனேன். வாசலில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி கையில் உடைப்பதற்குக் கல் இருந்தது. மருமகள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். எனக்குத் தெரிந்த மராத்தி கொஞ்சந்தான். "மீ துத்லி" என்றேன், நான்தான் கழுவினேன் என்று. யாருக்கும் புரியவில்லை. தேய்ப்பது போலக் கையை ஆட்டிக் காட்டினேன். எண்ணெய், சீயக்காய், படம் எடுக்கும் பெட்டி, எல்லாவற்றையும் இந்தியும் மராத்தியும் கலந்து சொன்னேன். உன் பெயரைச் சொல்லவில்லை.

சகுபாய் எழுந்து வந்து என் கன்னத்தில் அறைந்தாள். பிறகு, அப்படியானால் அந்தப் பிள்ளை யார் என்று கேட்டாள். கல்லிலேயே செதுக்கியிருக்கிறது, ரொம்பக் காலமாக உள்ளேதான் இருந்திருக்கிறது என்றேன். என் பாண்டு இருக்கிறானா என்றாள். இருக்கிறான் என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. எனக்குத் தெரியாது சகுபாய், கவசத்தை உதிர்த்தது தேவி இல்லை, நான், அது மட்டும் தெரியும் என்றேன்.

 அவள் திரும்பி, வளையலை உடைக்க வந்தவளின் கையிலிருந்த கல்லைப் பிடுங்கி வாசலுக்கு வெளியே எறிந்தாள். உள்ளே போய்ச் செந்தூரக் கிண்ணத்தை எடுத்து வந்து என் கையில் வைத்தாள். "சல்" என்றாள், நட என்று.

மரத்தடியில் தேங்காய் உடைக்க வந்தவர்கள் எல்லாரும் நின்றார்கள். ஒரு கிழவர் யார் இந்த மதராஸிப் பெண் என்று சத்தம் போட்டார். சகுபாய் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே என் தோளை அழுத்திக் கல்லின் முன்னால் உட்கார வைத்தாள். நான் எண்ணெயில் செந்தூரத்தைக் குழைத்தேன். அம்மன் முகத்துக்கும் தோளுக்கும் கைக்கும் பூசினேன். குழந்தையிடம் வந்தபோது கொஞ்சம் நின்றேன். சகுபாய் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள். இன்னும் ஒரு பிடி எடுத்து அதன் முகத்தையும் மூடினேன்.

அகிலாண்டம்